தொட்டியிலும் காய்ச்சலும் பாய்ச்சலும்

போன கார்த்திகையில் மன்னார்குடி போயிருந்தபோது பெரியம்மா ஒரு தொட்டியைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். மணி பிளாண்ட். இலையெல்லாம் மஞ்சள் பூத்து, கொடி துவண்டு கிடந்தது.

"தினமும் தண்ணி ஊத்திக்கிட்டுத்தாண்டா இருக்கேன். ஊத்த ஊத்த வாடுது. இன்னைக்குக் காலையிலகூட ஒரு சொம்பு ஊத்தினேன்."

தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். மண் அச்சுவெல்லம் மாதிரி மொத்தமாக வந்து விழுந்தது. வயலிலிருந்து வெட்டிவந்த களிமண். அடிப்பாகம் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம். ஒரு வேரைப் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறை கழல்வதுபோல் விரலோடு வந்துவிட்டது. உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிச்சம்.

அந்த நாற்றம் டெல்டாக்காரர்களுக்குப் பழகியதுதான். தண்ணீர் கட்டிய வயலில் சேற்றைக் கலக்கினால் வருவதும் அதே ஹைட்ரஜன் சல்பைடு. காற்று புகாத மண்ணில் வாழும் பாக்டீரியாக்களின் கைவேலை. ஆனால் அந்தச் சேற்றில் நெல் தளதளவென்று நிற்கிறது, மணி பிளாண்ட் செத்துப்போகிறது. ஏன்?

வேரும் மூச்சு விடுகிறது. இலைக்கு வெயிலில் சமைக்கத் தெரியும். இருட்டில் கிடக்கும் வேர், இலை அனுப்பும் சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துத்தான் பிழைக்க வேண்டும். அந்த ஆக்சிஜன் மண் துகள்களுக்கு இடையில் உள்ள சந்துகள் வழியாக வருகிறது. சந்தில் தண்ணீர் நிரம்பிவிட்டால் கதை மாறிவிடும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. களிமண் துகளோ 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. அதன் சந்துகள் அவ்வளவு நுண்ணியவை என்பதால் ஒருமுறை ஏறிய தண்ணீர் லேசில் இறங்காது.

ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து வேருக்குச் சுமார் 30 ஏடிபி கிடைக்கும். ஏடிபி என்பது செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் காசு. இல்லாவிட்டால் நொதித்தல் முறையில் வெறும் 2. அரைப்பட்டினி. இந்த நிலையில் வேர்ச் செல்களுக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. செல் சவ்வில் தண்ணீர் புகும் வாசல்களான அக்குவாபோரின்கள் மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் தண்ணீர், உள்ளே போக வழியில்லை. இலை வாடுகிறது. நாம் தாகம் என்று நினைத்து இன்னொரு சொம்பு ஊற்றுகிறோம். மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவண்டால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சரி, நெல்? அது தன் காற்றைத் தானே கீழே கொண்டுபோகிறது. இலையிலிருந்து தண்டு வழியாக வேர்நுனி வரை உள்ளே காற்றுக் குழாய்கள் ஓடுகின்றன. ஏரன்கைமா என்று பெயர். தாமரைத் தண்டை ஒடித்தால் தெரியும் ஓட்டைகள் இருக்கின்றனவே, அதே ஏற்பாடு. வயலில் ஒரு தூரைப் பிடுங்கி அலசினால் வேர்மேல் துருப்பிடித்த நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். துரு என்றே சொல்லலாம். வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன் சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து அப்படிப் படிகிறது.

இத்தனை வசதி உள்ள நெல்லுக்கே நம் ஊரில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத்தான் தண்ணீர் விடுவார்கள். பாய்ச்சு, வடியவிடு, மண் லேசாக வெடிக்கும் வரை பொறு, அப்புறம் பாய்ச்சு. இதைத் தொட்டிக்கும் கொண்டுவந்தால் போதும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் இன்றைக்கு வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக ஒழுகும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தினமும் அரை டம்ளர் என்று ஊட்டுவதைவிட இது நல்லது. தண்ணீர் இறங்கும்போது பின்னாலேயே புதுக்காற்றும் மண்ணுக்குள் இழுபடுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருப்பதால் இலையிலிருந்து ஆவியாவது குறையும். அப்போது சில தொட்டிகளுக்குப் பத்துப் பதினைந்து நாள் வரை ஒன்றும் தேவைப்படாது.

தொட்டிக்கு அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் வெகுநாள் போட்டிருக்கிறேன். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்து முக்கி, படுக்கை வாக்கில் உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். சொட்டுவது நின்றதும் நீளவாக்கில் நிமிர்த்துங்கள். மறுபடியும் சொட்டும். ஸ்பாஞ்சின் அடியில் எப்போதும் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் தங்கும். படுக்க வைத்தால் அந்த உயரமே முக்கால் ஸ்பாஞ்ச். நிமிர்த்தினால் அடியில் கொஞ்சம்தான். தொட்டி மண்ணும் இப்படித்தான். அடியில் ஜல்லி போட்டால் அந்த ஈர அடுக்கு போய்விடாது, ஜல்லிக்கு மேலே ஏறி உட்காரும். வேருக்கு இருந்த இடமும் குறையும். துளைமேல் ஒரு ஓட்டுச்சில்லு போதும், மண் ஒழுகாமல் இருக்க.

மாற்ற வேண்டியது மண்ணை. வயல் மண்ணைத் தவிர்த்து, வல்லம் பக்கத்துச் செம்மண் கிடைத்தால் ஒரு பங்கு, அலசிய தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, ரைஸ்மில்லில் கிடைக்கும் கருக்கிய உமி ஒரு பங்கு, ஒரு பிடி மட்கிய தொழு உரம். நார்த்தூளில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலச வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியைவிட மண்தொட்டி நல்லது, அதன் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும்.

எந்தச் செடி என்பதை முடிவு செய்வது வெளிச்சம். இதில் நம் கண்ணை நம்பவே கூடாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சி வெயிலில் முற்றத்தில் சுமார் 1,00,000 லக்ஸ். கூடத்து மூலையில் 100, 200 இருந்தால் அதிகம். கண்ணின் பாப்பா விரிந்து சரிக்கட்டிக்கொள்வதால் நமக்கு அது சுமாரான வெளிச்சமாகத் தெரிகிறது. செடிக்கு அது கிட்டத்தட்ட இருட்டு. துளசியைக் கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு ராசியில்லை என்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். முற்றத்தில் மாடம் கட்டி வைத்தவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கிறது.

மூலைக்கு ஏற்றது மருள் இனத்துப் பாம்புக் கற்றாழை, இசட்இசட் செடி. இரண்டாவதன் மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு மாதிரிக் கிழங்கு. மாதக்கணக்கில் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. ஜன்னலோரம் கிடைத்தால் சோற்றுக் கற்றாழை. வாசலில் திருஷ்டிக்காகத் தலைகீழாகக் கட்டியது மண்ணே இல்லாமல் மாதக்கணக்கில் பசுமையாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இலையில் சேமித்த நீர் ஒரு காரணம். இன்னொன்று, கற்றாழையும் பாம்புக் கற்றாழையும் இலைத்துளைகளைப் பகலில் மூடி, இரவின் குளிர்ச்சியில் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்குகின்றன. வாங்கியதை மாலிக் அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, விடிந்ததும் எடுத்துச் சமைக்கின்றன.

இதன் முதல் தடயங்களில் ஒன்று நாக்கில் கிடைத்தது. மிஷனரியாகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரான பெஞ்சமின் ஹைன், ரணகள்ளி இலையைக் கடித்துப் பார்த்திருக்கிறார். காலையில் நல்ல புளிப்பு. நண்பகலில் சப்பென்று. மாலையில் லேசான கசப்பு. இதை அவர் எழுதியனுப்ப, 1815ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அச்சாயிற்று. இரவெல்லாம் சேர்ந்த அமிலம் பகலில் தீர்ந்துபோவதைத்தான் அவர் நாக்கு அளந்திருக்கிறது. ரணகள்ளியும் வளர்க்கச் சுலபம். இலையை மண்மேல் போட்டால் ஓரப்பற்களில் குட்டிச் செடிகள் முளைக்கும்.

இந்தச் செடிகள் வீட்டுக் காற்றைச் சுத்தப்படுத்தும் என்று விற்பார்கள். 1989ல் வந்த நாசா ஆய்வு மூடிய பெட்டிக்குள் செய்தது. ஜன்னலைத் திறந்துவைப்பதற்குச் சமமாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகளாவது தேவை என்று 2019ல் கணக்குப் போட்டுவிட்டார்கள். அப்புறம் நாம் எங்கே படுப்பது?

பெரியம்மாவின் கொடியில் மேலே இரண்டு கணு உறுதியாக இருந்தது. வெட்டி, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கணு முங்கும்படி வைத்தேன்.

"மண்ணுல தண்ணி ஜாஸ்தியாகிச் செத்துச்சுங்கிற, இப்ப தண்ணியிலேயே வைக்கிறியே?"

நியாயமான கேள்வி. பாட்டில் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் உண்டு. அதைத் தின்று தீர்க்கச் சேற்றில் இருப்பதுபோல் மட்கும் பொருளும் பாக்டீரியாக் கூட்டமும் அங்கே இல்லை. தண்ணீரிலேயே முளைக்கும் புதுவேர் அதற்கேற்ற அமைப்போடு வருகிறது. வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் போதும். மணி பிளாண்ட் நம் வாய்க்கால் ஓரத்துச் சேம்பின் சொந்தக்காரனும்கூட. சேப்பங்கிழங்கு நாக்கை அரிக்கவைக்கும் அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதன் இலையிலும் இருக்கின்றன. குழந்தை வாயில் வைக்காத உயரத்தில் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஃபோன். "வேர் வெள்ளையா விரல் நீளத்துக்கு வந்திருக்குடா. தொட்டிக்கு மாத்திடட்டுமா?"

வேண்டாம் பெரியம்மா, பாட்டிலிலேயே இருக்கட்டும் என்றேன்.