கொலுசு பத்தாமல் போகும்போதே தொடங்கிவிடுகிறது

சேலம் பக்கத்தில் ஒரு பெண் பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்றால் அன்றைக்கே தாய்மாமன் வீட்டுக்குப் போன் போகும். தென்னங்கீற்றில் குச்சு கட்டுவார்கள், உளுந்தங்களி கிண்டுவார்கள், மண்டபம் கிடைக்கும் தேதியைப் பார்த்து மஞ்சள் நீராட்டு நடக்கும். ஊருக்கு அதுதான் தொடக்க நாள். உடம்பின் கணக்கில் அது பாதிக்கு மேல் கடந்துவிட்ட இடம். முதல் மாதவிடாய்க்கு இரண்டு, இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே பருவ மாற்றத்தின் வேலை ஆரம்பித்திருக்கும். உயரம் கிடுகிடுவென்று கூடும் கட்டம் பெரும்பாலும் முடிந்த பிறகுதான் மாதவிடாய் வருகிறது. அதற்குப் பிறகு ஒரு பெண் வளர்வது பொதுவாக 5 முதல் 7 சென்டிமீட்டர்தான். களியும் நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையும் அருமையான சாப்பாடு. இரண்டு வருஷம் பிந்தி வருகின்றன என்பதுதான் குறை.

பையன்களுக்கு அந்தப் பிந்திய அறிவிப்புகூடக் கிடையாது. குரல் உடைவதை வைத்துத்தான் வீட்டில் கவனிக்கிறார்கள். அதுவும் நடுவழியில் வரும் அடையாளம்தான்.

தொடக்கம் மூளையின் அடியில், ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதியில். அங்குள்ள சில நரம்பணுக்கள் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனைச் சொட்டுச் சொட்டாக, ஏறத்தாழ ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை விடுகின்றன. அதை வாங்கிக்கொண்டு பிட்யூட்டரி சுரப்பி எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் அனுப்புகிறது. அவை பெண்ணுக்கு சினைப்பையையும் பையனுக்கு விரையையும் எழுப்பிவிடுகின்றன. இந்த ஏற்பாடு புதிதாக முளைப்பதல்ல. பிறந்த சில மாதங்களிலேயே ஒரு முறை ஓடிப் பார்த்துவிட்டு அடங்கிவிடுகிறது. பிறகு பல ஆண்டுகள் அடக்கியே வைக்கப்படுகிறது. அடக்கம் தளரும்போது முதல் துடிப்புகள் தூக்கத்தில்தான் வருகின்றன. பகலில் குழந்தை, இரவில் வளரிளம் பருவம் என்று சில மாதங்கள் ஓடும்.

தளர்த்துவதில் கிஸ்பெப்டின் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பருவமே வராமல் போன சில குடும்பங்களில் இந்தப் புரதத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் மரபணுப் பிழை இருப்பது 2003-ல் தெரியவந்தது. உடம்புக் கொழுப்பிலிருந்து வரும் லெப்டினும் போதுமான இருப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது. அதனால்தான் குண்டான பெண் குழந்தைகளுக்குச் சீக்கிரமும், மிக மெலிந்தவர்களுக்குத் தாமதமாகவும் வருகிறது.

விட்டு விட்டு வருவதுதான் இதில் முக்கியம். ஜிஎன்ஆர்எச் இடைவிடாமல் வந்தால் பிட்யூட்டரி மரத்துப்போய் வேலையை நிறுத்திவிடும். மருத்துவர்கள் இதையே பயன்படுத்துகிறார்கள்: 8 வயதுக்கு முன்பு மார்பு வளரத் தொடங்கிய பெண்ணுக்கு, தேவைப்பட்டால், அதே ஹார்மோனைப் போன்ற ஒன்றை மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ ஊசியாகப் போடுவார்கள். மருந்து தொடர்ந்து இருப்பதால் பருவம் நிற்கும். ஊசியை நிறுத்தினால் மறுபடி ஓடும்.

எதைத் தொடக்கம் என்று எடுத்துக்கொள்வது? பெண்ணுக்கு மார்புக் காம்பின் அடியில் சிறு நெல்லிக்காய் அளவுக்குக் கட்டியாகத் தட்டுப்படும், தொட்டால் வலிக்கும், பெரும்பாலும் முதலில் ஒரு பக்கம் மட்டும். கட்டி என்று பயந்து ஓடிவரும் தாய்மார்கள் நிறைய. 8-லிருந்து 13 வயதுக்குள் இது வந்தால் இயல்பு. பையனுக்கு விரையின் கொள்ளளவு 4 மில்லிலிட்டரைத் தொடுவது தொடக்கம், 9-லிருந்து 14-க்குள். இதை அளக்க 1 முதல் 25 மில்லி வரை 12 மணிகளைக் கயிற்றில் கோத்த ஒரு மாலையைக் குழந்தை மருத்துவர்கள் வைத்திருப்பார்கள். வியர்வை வாடையும் நாலைந்து முடியும் மட்டும் வந்தால் அதைத் தொடக்கமாகக் கொள்ளக் கூடாது. அவை சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் தனிக் கணக்கு.

ஆனால் வீட்டில் கண்ணுக்கு முதலில் படுவது கால். உடம்பு நுனியிலிருந்து வளர்கிறது: முதலில் பாதமும் கையும், பிறகு கால், கடைசியில் நெஞ்சுக்கூடும் முதுகும். போன பொங்கலுக்கு செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய கொலுசு கடைசி வளையத்துக்கு வந்துவிட்டது, ஸ்கூல் ஷூ ஒரே ஆண்டில் இரண்டு சைஸ் ஏறிவிட்டது என்றால் உயரம் வரப்போகிறது என்று பொருள். கை கால் நீளத்துக்கு மூளையின் கணக்கு இன்னும் பழகவில்லை. டம்ளரைத் தட்டிவிடுவதும் நிலைப்படியில் இடித்துக்கொள்வதும் திமிர் அல்ல.

உறுதிசெய்ய ஒரு சுவரும் பென்சிலும் போதும். செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, குதிகால், பிட்டம், தோள்பட்டை மூன்றும் சுவரில் படும்படி நிற்கவைக்க வேண்டும். பார்வை நேரே. உச்சந்தலையில் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து, முடி அமுங்கும் அளவுக்கு அழுத்தி, அதன் அடிவிளிம்பில் கோடு போடுங்கள். எப்போதும் ஒரே வேளையில் அளக்க வேண்டும். முதுகெலும்புக்கு இடையிலுள்ள வட்டுகள் பகலெல்லாம் அமுங்குவதால் காலை அளவைவிட மாலை அளவு 1 சென்டிமீட்டர் வரை குறையும். ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் அளக்க வேண்டும். மாதா மாதம் அளந்தால் வளர்ச்சி தெரியாது, கைப்பிழைதான் தெரியும். இரண்டு கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரட்டித்தால் ஆண்டு வேகம் கிடைக்கும். சின்ன வயதில் அது 5, 6 சென்டிமீட்டர். உச்சத்தில் பெண்ணுக்கு 8-க்கு மேல், பையனுக்கு 9, 10. பெண்ணின் உச்சம் சுமார் 12 வயதில், பையனுடையது சுமார் 14-ல். பருவம் தொடங்காத பிள்ளை ஆண்டுக்கு 4 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வளர்வது எலும்பின் இரு முனைகளிலும் உள்ள குருத்தெலும்புத் தட்டில். அதை மூடுவது பெண் ஹார்மோன் என்று சொல்லப்படும் ஈஸ்ட்ரோஜன், ஆண்களுக்கும்தான். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறியே ஆணின் எலும்புத் தட்டு மூடுகிறது. ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பி வேலை செய்யாத ஒருவர் 28 வயதில் 204 சென்டிமீட்டர் உயரத்தில், தட்டு மூடாமல் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது 1994-ல் வெளியான மருத்துவ அறிக்கையில் இருக்கிறது. இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். ஐந்தாம் வகுப்பில் எல்லோரையும்விட உயரமாகக் கடைசி பெஞ்சில் உட்காரும் பெண், சீக்கிரம் தொடங்கியவள். தட்டும் சீக்கிரம் மூடும். பத்தாம் வகுப்பில் முதல் பெஞ்சுக்கு வந்துவிடலாம். சராசரியில் ஆண் 13 சென்டிமீட்டர் கூடுதல் உயரமாக இருப்பதற்குப் பெரிய காரணம், இரண்டு வருஷம் கூடுதலாகக் குழந்தையாகவே வளர்வது. "ஒன்பதாவது வந்தும் குட்டையாகவே இருக்கானே" என்று பையனை வைத்துப் புலம்பும் பெரியம்மாக்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

நீளம் முதலில் வருகிறது, சுண்ணாம்புச் சத்து சில மாதங்கள் பின்தங்கி வருகிறது. அந்த இடைவெளியில்தான் விழுந்தால் மணிக்கட்டு முறிகிறது. வளர்ந்தவரின் எலும்பில் கால் பங்குக்கு மேல் உச்ச வளர்ச்சியைச் சுற்றிய சில ஆண்டுகளில் சேர்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரைப்படி 13 முதல் 15 வயதுக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகு மாவில் 350 மில்லிகிராம் வாக்கில் இருக்கிறது. 150 மில்லி பாலில் 180. ஒரு வேளை களியோ கூழோ, இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர், பொரியலில் முருங்கைக்கீரை என்றால் கணக்கு ஓரளவு நெருங்கிவிடும். சேலத்தில் ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லை, குச்சிக்கிழங்குக்கும் பஞ்சமில்லை. இரண்டும் ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து. சாயங்காலத் தட்டுவடை செட்டைத் திட்டுவதற்கில்லை, அதுவே இரவுச் சாப்பாடாகிவிட்டால்தான் சிக்கல்.

இரும்புச் சத்து இன்னும் அவசரம். உடம்பு பெருக்கும்போது ரத்தமும் பெருக வேண்டும். பெண்ணுக்கு ஒவ்வொரு மாதமும் 30, 40 மில்லி ரத்தம் போகிறது. ஒரு மில்லியில் அரை மில்லிகிராம் இரும்பு. தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. பள்ளியில் வாரம் ஒன்றாகக் கொடுக்கும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. குமட்டுகிறது என்று பையில் போட்டுக்கொண்டு வந்து குப்பையில் எறிவார்கள். வெறும் வயிற்றில் விழுங்குவதால்தான் பெரும்பாலும் குமட்டல். மதியச் சாப்பாடு முடிந்து, தண்ணீருடன் விழுங்கினால் தாங்கும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி கூடாது. அவற்றிலுள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அரை நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இதற்கு நேர்மாறாக உதவும். பச்சரிசி, சாக்பீஸ், செம்மண் தின்னும் ஆசை இருந்தால் ரத்தம் சோதியுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் வாரம் ஒரு மாத்திரை போதாது.

முதல் ஓரிரு ஆண்டுகள் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வரும், சினைமுட்டை வெளியாகும் தாளம் படியாததால். 21 நாளிலிருந்து 45 நாள் வரை இயல்பு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, 7 நாளைத் தாண்டினாலோ, 15 வயதாகியும் வராவிட்டாலோ காட்டத்தான் வேண்டும். பையன்களில் பாதிப் பேருக்கு மார்பு லேசாக வீங்கும். ஓரிரு ஆண்டில் தானாக வற்றிவிடும். சட்டையைக் கழற்ற மறுத்து நீச்சலுக்கு வராத பையனிடம் இதை ஒரு வரி சொன்னால் பெரிய பாரம் இறங்கும். யாரும் சொல்வதில்லை. உயரம் நின்ற பிறகும் பெண்ணின் இடுப்பெலும்பு சில ஆண்டுகள் விரிகிறது என்பதையும், சடங்கு முடிந்த கையோடு ஜாதகத்தை எடுக்கும் வீடுகள் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டம் 18 என்கிறது, உடம்பும் அவசரப்படவில்லை.

தூக்கத்துக்கும் தனிக் கடிகாரம் உண்டு. தூக்கத்துக்கு நேரமாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் இந்த வயதில் ஒன்று, இரண்டு மணி நேரம் பிந்திச் சுரக்கிறது. பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்பது நிஜம். தேவை 8 முதல் 10 மணி நேரம். பதினொன்றரைக்குப் படுத்து ஐந்து மணி டியூஷனுக்கு எழுந்தால் கிடைப்பது ஐந்தரை. வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது ஆழ்ந்த உறக்கத்தில். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் புண்ணியத்தில் சேர்வராயன் மலையில் காபி வந்தது, வீட்டுக்கு வீடு டிகாக்ஷன் இறங்குகிறது. படிக்கட்டும் என்று ஒன்பது மணிக்குக் கொடுக்கும் காபியின் காஃபீனில் பாதி, நள்ளிரவு இரண்டு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். வாரக் கணக்கில் தூக்கம் குறைந்தால் எரிச்சலும் சோர்வும் வருவது இயல்பு. தூங்கியும் இரண்டு வாரத்துக்கு மேல் முகம் தெளியவில்லை, பிடித்த விளையாட்டிலும் நாட்டமில்லை என்றால் அது வேறு விஷயம்; அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

எல்லாவற்றிலும் மெதுவான கடிகாரம் மூளையுடையது. நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதியில் சாம்பல் நிறப் பொருள் பெண்களுக்குச் சுமார் 11 வயதிலும் பையன்களுக்கு 12-லும் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறைவதை 1999-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜே கீட் குழுவினர் எம்ஆர்ஐ வழியாகக் காட்டினார்கள். குறைவது நட்டமல்ல: பயன்படாத இணைப்புகள் கழிகின்றன, பயன்படுபவை மேல் மயலின் என்ற கொழுப்பு உறை ஏறி வேகம் கூடுகிறது. இந்த வேலை இருபதுகளின் நடுவரை நீள்கிறது. வெகுமதியைத் தேடும் டோபமின் வழிகளோ பதின்மத்தின் நடுவிலேயே சூடாகிவிடுகின்றன. நிதானமாக உட்கார்ந்து யோசிக்கச் சொன்னால் 16 வயதுப் பையன் பெரியவருக்குச் சமமாக யோசிப்பான். அதனால் "ஆபத்து தெரியாதா உனக்கு?" என்ற கேள்வி வீண். தெரியும்.

தெரிந்தும் ஏன் செய்கிறான் என்பதற்கு அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் 2005-ல் வெளியிட்ட சோதனை ஒரு விடை. கார் ஓட்டும் கணினி விளையாட்டில் 13–16 வயதினர் தனியே ஆடும்போது பெரியவர்களைப் போலத்தான் ஆடினார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது துணிச்சல் மளமளவென்று ஏறியது. 24 வயது தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 18 வயதுக்குக் கீழே 50 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு உரிமமே இல்லை. வண்டியைக் கொடுத்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது. உரிமம் வாங்கியவனுக்கும் மூளை இன்னும் ஐந்தாறு வருஷ வேலையை மிச்சம் வைத்திருக்கிறது. "மெதுவாகப் போ" என்பது வளைவில் ஞாபகம் வராது. கிளம்பும் முன்பே முடிவாகிவிடும் விதிகள்தான் பலிக்கும்: இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடக் கூடாது, ஏனென்றால் இன்ஜின் பிடிப்பு போய்விடும், தொடர்ந்து அழுத்திய பிரேக் சூடேறி வழுக்கும், இரண்டாவது கியரில்தான் இறங்க வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் சாவி இல்லை. முதல் ஒரு வருஷம் பின் சீட்டில் நண்பன் கிடையாது. மூன்றில் கடைசி விதிக்குத்தான் வீட்டில் சண்டை வரும், விட்டுக்கொடுக்கக் கூடாததும் அதுதான். அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் நியூசிலாந்திலும் புதிதாக ஓட்டும் இளைஞர்கள் வண்டியில் ஆள் ஏற்றுவதைச் சட்டமே கட்டுப்படுத்துவது இதே காரணத்தால்தான்.