பொம்மையும் விளக்கும் பத்திரமாய்ப் போய்ச் சேர

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை வட்டாரத்தில் வீட்டிலிருந்தே இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறவர்கள், பார்சல் காணாமல் போனதும் முதலில் கேட்பது, "யார் மேல புகார் கொடுக்கிறது?" என்றுதான். பதில் கீழே இருக்கிறது. ஆனால் இழப்பீடு கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்பது பெரும்பாலும் புக்கிங் போட்ட அன்றே முடிவாகிவிடுகிறது. ரசீதில் என்ன மதிப்பு எழுதினீர்கள், எந்த வழியில் அனுப்பினீர்கள், உள்ளே இருந்த பொருளுக்கு என்ன சான்று வைத்திருக்கிறீர்கள் என்ற மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

டெல்டா சரக்குக்கு ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. தலையாட்டி பொம்மை உடையும். கண்ணாடிச் சட்டம் போட்ட தஞ்சாவூர் ஓவியமும் உடையும். திருவையாறு அசோகா அல்வா நாள்பட்டால் கெட்டுப்போகும். சுவாமிமலைச் சிலை விலை கூடியது. கொரியர் நிறுவனங்களின் நிபந்தனைகளில் 'பொறுப்பேற்க மாட்டோம்' என்ற பட்டியலைப் படித்துப் பாருங்கள்: கண்ணாடி, பீங்கான், கெட்டுப்போகும் உணவு, கலைப்பொருள் என்று நம்மூர்ச் சரக்காகவே வரிசையாக நிற்கும். இன்ஷூரன்ஸுக்குப் பணம் கட்டியும் கிளெய்ம் தள்ளுபடியாவதற்கு இது ஒரு பெரிய காரணம். கட்டுவதற்கு முன், "இந்தப் பொருள் உடைந்தால் கவராகுமா, தொலைந்தால் மட்டும்தானா?" என்று கேட்டு, பதிலை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓவியத்துக்குக் கண்ணாடி வேண்டாம், அக்ரிலிக் ஷீட் போடுங்கள். அல்லது சட்டமில்லாமல் அனுப்பி, சட்டத்தை அவர்கள் ஊரிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

எடை என்றால் தராசு எடை மட்டுமல்ல

கொரியரில் கட்டணம் இரண்டு எடைகளில் எது அதிகமோ அதற்கு விழும். ஒன்று தராசு எடை. மற்றது கன அளவு எடை: பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்தால் வருவது. ஒரு நடனப் பொம்மையை முழுதாக நிற்கவைத்து 25 × 25 × 40 செ.மீ. பெட்டியில் போட்டால் 25,000-ஐ 5000-ஆல் வகுத்து 5 கிலோ. பொம்மையின் உண்மை எடை 1 கிலோகூட இருக்காது. அதே பொம்மையைத் தலை, உடல், பாவாடை என்று பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி 25 × 25 × 20 பெட்டியில் வைத்தால் 2.5 கிலோ. கட்டணம் ஏறக்குறையப் பாதியாகக் குறைவதோடு, பொம்மை உடைவதும் குறையும். முழுதாகப் போகும்போது கழுத்துக் கம்பியும் இடுப்புக் கம்பியும்தான் வழியெல்லாம் அதிர்ச்சியை வாங்குகின்றன. பிரித்து அனுப்பினால், கம்பி முனைக்குத் தெர்மோகோல் துண்டு ஒன்றைச் செருகுங்கள். ஒன்றின் மேல் ஒன்று கவிழ்க்காதீர்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றுங்கள். எப்படிப் பொருத்துவது என்று படம் போட்ட ஒரு சீட்டும் உள்ளே போகட்டும்.

பல கொரியர்களை ஒரே இடத்தில் ஒப்பிட்டு புக் செய்யும் ஷிப்ராக்கெட் போன்ற தளங்களில், நீங்கள் பதிந்த எடையும் அவர்கள் குடோனில் அளந்த எடையும் வேறுபட்டால், வித்தியாசத் தொகையை உங்கள் வாலட்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். மறுப்புச் சொல்லச் சில நாட்கள்தான் கெடு. பேக் செய்து முடித்த பெட்டியைத் தராசில் வைத்து ஒரு படம், மூன்று பக்கமும் டேப் வைத்து மூன்று படம், லேபிள் நம்பர் தெரிய ஒரு படம் என்று எடுத்து, அந்த நம்பரையே பெயராக்கிப் போனில் சேமியுங்கள். நாளை பார்சல் தொலைந்தாலும் இதே படங்கள்தான் கைகொடுக்கும்.

எதை எதில் அனுப்புவது

ஊர்ப்பக்கத்து முகவரிக்கு ஸ்பீடு போஸ்டுக்கு மிஞ்சியது இல்லை. தனியார் கொரியரில் கிராமத்துப் பின்கோடு பல 'டெலிவரி எல்லைக்கு வெளியே' என்று வரும். கூடுதல் கட்டணம் கேட்பார்கள், அல்லது வாடிக்கையாளரைப் பக்கத்து டவுனுக்கு வந்து வாங்கச் சொல்வார்கள். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. பெயருக்குரியவர் கையிலேயே போய்ச் சேரவேண்டும் என்றால், கூடுதல் கட்டணம் கட்டிப் பதிவு வசதியையோ ஓடிபி டெலிவரியையோ கேட்டு வாங்கவேண்டும். சொன்னால்தான் போடுவார்கள்.

ஸ்பீடு போஸ்டில் தொலைந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நீண்டகாலமாக இருந்துவரும் விதி: கட்டிய கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது 1000 ரூபாய், எது குறைவோ அது. 150 ரூபாய் கட்டியிருந்தால் 300 ரூபாய். உள்ளே 6,000 ரூபாய் திருபுவனம் பட்டு இருந்தாலும் அதே 300 ரூபாய்தான். விலை கூடிய பொருளுக்குத் தனியாக இன்ஷூரன்ஸ் கட்டியே ஆகவேண்டும். அதைக் கிளை அஞ்சலகத்தைவிடத் தலைமை அஞ்சலகத்தில் கேட்பது நல்லது. தனியார் கொரியரிலும் ரசீதின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். மதிப்பு எதுவும் எழுதாவிட்டால் சொற்பத் தொகைதான் வரும் என்று அங்கே இருக்கும்.

கனமான பித்தளைச் சரக்குக்கு லாரி பார்சல் சர்வீஸ் கட்டுபடியாகும். அங்கே கையில் வரும் எல்.ஆர். (லாரி ரசீது) காப்பிதான் உங்கள் ஆதாரம். அதில் எத்தனை உருப்படி, என்ன பொருள், என்ன மதிப்பு என்பது எழுதப்பட்டிருக்கவேண்டும். 'பாத்திரம் – 1' என்று எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்து, சரியாக எழுதி வாங்குங்கள். 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குச் சட்டமும் அதன் விதிகளும் சொல்வது இது: அதிக மதிப்பை அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால், லாரிக்காரர் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். 200 ரூபாய் வாடகைக்கு 2,000 ரூபாய். வழக்குப் போடவேண்டுமானால் அதற்கு முன், புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்கவேண்டும். "பார்க்கிறோம் சார், வந்துடும்" என்று அவர்கள் நாளைக் கடத்தினால் இந்தக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆம்னி பஸ்ஸில் போட்டுவிடுவது அவசரத்துக்கு மட்டும். பெரும்பாலும் டிராக்கிங் கிடையாது, தொலைந்தால் பிடித்துக் கேட்கவும் ஒன்றும் இருக்காது.

காரைக்கால் ஆர்டர்களில் பலர் தடுமாறுகிறார்கள். காரைக்காலின் பின்கோடு 609602. மயிலாடுதுறைப் பக்கமும் 609-இல்தான் தொடங்கும். தரங்கம்பாடியிலிருந்து பார்த்தால் பக்கத்து ஊர். ஆனால் காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதி. ஜிஎஸ்டிக்கு அது வெளிமாநில விற்பனை. இ-வே பில் (சரக்கோடு போகவேண்டிய ஆன்லைன் சீட்டு) எந்த மதிப்புக்கு மேல் வேண்டும் என்ற வரம்பும் மாறும்: தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய், மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய். ஒரு செட் பெரிய குத்துவிளக்கு இந்த வரம்பைத் தொட்டுவிடும். பில்லில் 'தமிழ்நாடு' என்று போட்டு அனுப்பினால் வழியில் சரக்கு நிற்கும்.

பேக்கிங்

நாச்சியார்கோயில் விளக்கை எப்போதும் கழற்றித்தான் அனுப்பவேண்டும். அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி அன்னம் என்று நான்கு துண்டு. இவற்றை வெறும் பபிள் ரேப்பில் சுற்றி ஒன்றாகக் கட்டினால், தண்டின் மரை முனை ஒரே நாளில் பபிளைக் கிழித்துக்கொண்டு தட்டைக் கீறும். மரை முனைக்கு முதலில் மடித்த அட்டையைச் சுற்றி டேப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் செய்தித்தாள் ஒரு சுற்று, அதன்மேல் பபிள் இரண்டு சுற்று. பித்தளையில் பபிள் நேரடியாகப் படவேண்டாம், ஈரம் கோத்தால் வட்டவட்டமாகக் கறை விழும். 3 பிளை (மூன்று அடுக்கு அட்டை) பெட்டி இந்தக் கனத்தைத் தாங்காது, 5 பிளை வேண்டும். அடிப்பாகம் கீழே. சுற்றிலும் நான்கு விரல் இடைவெளி விட்டு, கசக்கிய தாளால் இறுக்கமாக அடையுங்கள். மூடியபின் பெட்டியைக் குலுக்கினால் உள்ளே ஒரு சத்தமும் வரக் கூடாது. பெட்டியின் நடு இணைப்பிலும் இரண்டு ஓரங்களிலும் டேப் ஓடவேண்டும். நடுவில் மட்டும் ஒட்டிய பெட்டி, அடுக்கி வைக்கும்போது ஓரத்தில் பிளக்கும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழையை மனதில் வைத்துத்தான் பேக் செய்யவேண்டும். காகிதக்கூழ் பொம்மையும், சட்டமில்லாத ஓவியமும், பாரம்பரிய அரிசியும் ஒரே நனைவில் வீணாகும். பொருளைப் பாலிதீன் கவரில் போட்டு வாய் ஒட்டிய பிறகே பெட்டிக்குள் வையுங்கள். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த லேபிள் நனைந்தால் மை கரைந்து பார்கோடு படிக்காது. லேசர் பிரிண்ட் எடுங்கள், அல்லது லேபிளை வெளிப்படையான பையில் வைத்து ஒட்டுங்கள். பார்கோடு பெட்டியின் மடிப்பில் வளையக் கூடாது.

பெட்டிக்குள் ஒரு சீட்டில் அனுப்புநர், பெறுநர் முகவரியும் போன் நம்பரும் எழுதிப் போடுங்கள். இதற்குச் செலவு ஏதும் இல்லை, பலன் பெரிது. காணாமல் போன பார்சல் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு, வெளி லேபிள் கிழிந்து ஏதோ குடோனில் பெயரில்லாமல் கிடப்பதுதான்.

நகராத பார்சலும் காணாத பார்சலும்

டிராக்கிங்கில் கடைசி ஸ்கேன் எங்கே என்று பாருங்கள். புக் செய்த இடத்திலேயே நின்றிருந்தால் அன்றே ரசீதோடு நேரில் போங்கள், பெரும்பாலும் அங்கேயே ஒரு மூலையில் இருக்கும். திருச்சி, சென்னை போன்ற பெரிய மையத்தில் நின்றிருந்தால் லேபிள் கிழிந்திருக்கலாம், அல்லது வேறு பையில் ஏறியிருக்கலாம். அப்போது வெறும் நம்பரை மட்டும் அனுப்பாமல், பெட்டியின் நிறம், அளவு, எடை, உள்ளிருக்கும் பொருளின் படம் எல்லாம் சேர்த்துப் புகார் கொடுங்கள். 'டெலிவரிக்கு எடுத்துச் செல்லப்படுகிறது' என்று நாள்கணக்கில் காட்டினால், முகவரியிலோ போன் நம்பரிலோ பிழை இருக்கும், அல்லது போகாமலே 'வீட்டில் ஆள் இல்லை' என்று பதிந்திருப்பார்கள். போன் வரவில்லை என்று காட்ட, வாடிக்கையாளரின் போன் அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட்டாக வாங்குங்கள்.

'டெலிவரி ஆனது' என்று காட்டியும் பொருள் வரவில்லை என்றால் டெலிவரிச் சான்றைக் கேளுங்கள்: யார் கையெழுத்து, ஓடிபி போனதா, எந்த நேரம். அக்கம்பக்கத்து வீட்டிலோ வாட்ச்மேனிடமோ கொடுத்திருப்பதும் நடக்கும். வாடிக்கையாளரைப் பொய் சொல்கிறார் என்று நினைத்துப் பேச்சைத் தொடங்காதீர்கள்.

தமிழ்நாட்டுக்குள் மூன்று நாள், வடமாநிலத்துக்கு ஐந்தாறு நாள் ஸ்கேன் நகரவில்லை என்றால் புகார் பதியும் நேரம் வந்துவிட்டது. அஞ்சல் துறைக்கு 1800 266 6868, அல்லது இந்தியா போஸ்ட் இணையதளம். கொரியருக்குப் போனில் பேசினாலும் மெயில் ஒன்று கட்டாயம். கிளெய்முக்கு புக்கிங் ரசீது, பொருளின் பில், பேக்கிங் படங்கள், 'எனக்கு வரவில்லை' என்று வாடிக்கையாளர் எழுதிய கடிதம், ரத்து செய்த காசோலை கேட்பார்கள். பில் இல்லாமல் விற்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வாடிக்கையாளர் கேட்பதற்கு முன் நீங்களே எழுதுங்கள்: "உங்கள் பார்சல் செவ்வாய்க்கிழமை திருச்சியில் ஸ்கேன் ஆனபிறகு நகரவில்லை. இன்று புகார் பதிந்துவிட்டோம். சனிக்கிழமைக்குள் நகராவிட்டால் புதிதாக அனுப்புகிறோம் அல்லது பணத்தைத் திருப்பித் தருகிறோம், உங்கள் விருப்பம்." காசு வாங்கியது நீங்கள். "கொரியர்ல கேளுங்க" என்று அவரை அலையவிடுவது நியாயமே இல்லை. அவர் 1915-இல் நுகர்வோர் உதவி மையத்துக்குப் போன் செய்தாலும் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்தான்.

இதற்கான பணத்தை விலையிலேயே வைத்துவிடவேண்டும். மாதம் 100 பார்சல் அனுப்புகிறீர்கள், சராசரி மதிப்பு 800 ரூபாய், அதில் ஒன்று தொலைகிறது என்று வைத்துக்கொண்டால் பார்சலுக்கு 8 ரூபாய். அதைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். கேஷ் ஆன் டெலிவரி கொடுத்தால் கணக்கு வேறு. வாங்க மறுத்த ஒவ்வொரு பார்சலுக்கும் போகிற கட்டணம், திரும்பி வருகிற கட்டணம் இரண்டும் உங்கள் தலையில். உடையும் பொருள் இரண்டு முறை பயணம் செய்தால் பாதி சேதமாகித்தான் திரும்பும். முன்பணமாக 100, 200 ரூபாய் யுபிஐயில் வாங்கிக்கொண்டு மீதியை டெலிவரியில் வாங்குங்கள்.

மாற்றுப் பொருள் அனுப்பிய பிறகு பழைய பார்சல் போய்ச் சேர்வதும் உண்டு. ஆகவே மாற்று அனுப்பும்போதே, "பழையது வந்தால் வாங்காமல் திருப்பி விடுங்கள், வாங்கிவிட்டால் தெரிவியுங்கள், திரும்பப் பெறும் செலவு எங்களுடையது" என்று எழுதிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். கிளெய்ம் தொகை வந்தபிறகு பழைய பார்சல் கிடைத்தால் கொரியருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.