பையருக்கு எழுதும் கடிதத்தில் பிரெஞ்சு எதற்கு?

போன மாதம் ஒரு மாலை, வகுப்பு முடிந்து விளக்கை அணைக்கப் போன நேரத்தில், பழைய மாணவன் ஒருவன் வந்து நின்றான். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை. முகத்தில் களை இல்லை. செல்போனை என் கையில் கொடுத்து, "மேடம், இந்தக் கடிதத்தில் என்ன தப்பு என்று மட்டும் சொல்லுங்கள். காலையிலிருந்து திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்" என்றான்.

வெளிநாட்டு பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், கேட்டது எளிய விஷயம். பழுப்பு நிறம் இன்னும் ஒரு ஷேடு அடர்த்தியாக வேண்டும், மாதிரித் துண்டு அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம். பையன் தோல் பதனிடும் டேனரியில் போய் நின்று சாயம் போட வைத்து, இரண்டே நாளில் துண்டைக் கூரியரில் அனுப்பிவிட்டான். நல்ல வேலை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்கள் கேட்ட நிற மாற்றம் ஒரு ஃபெய்ட் அகாம்ப்ளி" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி, கீழே தன் பெயரையும் போட்டுவிட்டான்.

அவன் சொல்ல நினைத்தது, "வேலை முடிந்துவிட்டது ஐயா." அங்கே படித்தவர் காதில் விழுந்தது, "செய்து முடித்துவிட்டோம், இனி நீங்கள் என்ன சொன்னாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை." தன்னைக் கேட்காமலே மொத்தத் தோலுக்கும் சாயம் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, அவர் உற்பத்தியையே நிறுத்தச் சொல்லிவிட்டார். மேலாளர் நள்ளிரவில் போன் போட்டுச் சமாதானம் செய்திருக்கிறார். ஆர்டர் பிழைத்தது. பையனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது.

"நான் வாங்கிப் படித்த ஆங்கிலச் சொற்பட்டியலில் 'நிறைவேறிய செயல்' என்றுதானே மேடம் போட்டிருந்தது?" என்றான். ஆமாம், போட்டிருந்தது. பொய்யும் இல்லை. அந்த இரண்டு பிரெஞ்சுச் சொற்களுக்கும் 'செய்தது', 'முடிந்தது' என்றுதான் பொருள். ஆனால் ஆங்கிலேயர்கள் அந்தத் தொடரை எப்போது எடுக்கிறார்கள் என்பதைப் பட்டியல் சொல்லவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாமல் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நிற்கிறார்களே, அதுதான் ஃபெய்ட் அகாம்ப்ளி. அப்பா அம்மாவுக்குச் சம்மதம் சொல்லவும் இடமில்லை, மறுக்கவும் இடமில்லை. இதையா ஒரு பையருக்கு எழுதுவது?

இது ஒன்றுதான் என்றால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். வேலூர் சத்துவாச்சாரியில் பத்தொன்பது ஆண்டுகளாக ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாடு போகக் காத்திருக்கும் செவிலியர்கள். மீதிப் பேர் தோல் கம்பெனிகளில் கடிதம் எழுதும் பிள்ளைகள். இந்த ஆண்டில் மட்டும் இப்படி மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஒரு பெண் வேலை விண்ணப்பத்தில், அவசர நேரத்திலும் நோயாளிகளை நான்ஷலன்ஸோடு கவனிப்பேன் என்று எழுதியிருந்தாள். பட்டியல் சொன்ன பொருள் 'பதற்றமின்மை'. உண்மையில் அது 'எனக்கென்ன வந்தது' என்கிற அலட்சியம். லத்தீனில் சூட்டைக் குறித்த வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். நாம் 'சூடு சொரணை இல்லாதவன்' என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த இடம்தான். உயிர் ஊசலாடும் நேரத்தில் சூடு சொரணை இல்லாமல் பார்த்துக்கொள்வேன் என்று எழுதிய நர்ஸுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? இன்னொரு பெண் மாலேஸ் என்று எழுத வேண்டிய இடத்தில் மாலிஸ் என்று எழுதிவிட்டாள். நோயாளிக்கு மூன்று நாளாக உடல் அசதி என்பது, மூன்று நாளாக வன்மம் என்று ஆகிவிட்டது. சிரித்துவிட்டேன். அவள் அழுதுவிட்டாள். பிறகு நானும் வருத்தப்பட்டேன்.

என் கோபம் இந்தப் பிள்ளைகள் மேல் இல்லை. 'உயர்ந்த ஆங்கிலம்' என்ற பெயரில் முந்நூறு சொல், ஐந்நூறு சொல் என்று விற்கிறார்களே, அவர்கள் மேல். அதில் பாதி பிரெஞ்சிலிருந்து வந்த அபூர்வச் சொற்களாகவே இருக்கும். காரணம் கேட்டால், வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வைச் சொல்லி, "ஐஎல்ட்ஸில் அரிய சொல் போட்டால்தான் ஏழு வரும்" என்பார்கள்.

இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஐஎல்ட்ஸ் எழுத்துத் தேர்வில் நான்கு அளவுகோல்கள். கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறீர்களா, கோர்வையாக இருக்கிறதா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி. நான்குக்கும் ஒரே எடை. சொல்வளம் என்ற ஒன்றில், ஏழாம் மதிப்பெண்ணுக்கு அதிகம் புழங்காத சொற்களைக் கையாள வேண்டும் என்று இருப்பது உண்மைதான். ஆனால் அந்த விளக்கம் அங்கே முடியவில்லை. நடை எது, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்கிற உணர்வோடு கையாள வேண்டும் என்று தொடர்கிறது. பட்டியல் விற்பவர்கள் முதல் பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்டார்கள். பின்பாதிக்குத்தான் மதிப்பெண். சேராத இடத்தில் சேராத சொல்லை வைத்தால், வைக்காமல் இருந்ததை விடக் குறைவாகத்தான் வரும்.

செவிலியர்கள் எழுதும் ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்விலோ இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே எழுத வேண்டியது ஒரு கடிதம். ஐந்து நிமிடம் குறிப்பைப் படிக்க, நாற்பது நிமிடம் எழுத, 180 முதல் 200 சொல் வரை. ஆறு அளவுகோல்களில் ஒன்றின் பெயரே சுருக்கமும் தெளிவும். அரிய சொல்லுக்கு என்று ஓர் அளவுகோல் கிடையாது. நோயாளியை அடுத்துப் பார்க்கப்போகிறவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. மறுபடியும் சொல்கிறேன், அரிய சொல்லுக்கு மதிப்பெண் கிடையாது. வகுப்பில் இதை நான் சொல்லாத வாரமே இல்லை. தலையை ஆட்டுவார்கள். வீட்டுக்குப் போய்ப் பட்டியலைத் திறப்பார்கள்.

பிரெஞ்சுச் சொல்லே வேண்டாம் என்றால் ஆங்கிலத்தில் வாயே திறக்க முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் நீண்ட காலம் பிரெஞ்சுதான் மொழி. நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று சட்டம் வந்ததே 1362இல். அந்தக் காலத்தில் உள்ளே வந்த ஜட்ஜ், டேபிள் போன்ற சொற்கள் ஆங்கிலமாகவே ஆகிவிட்டன. வேலூரில் பெரிய மருத்துவமனை இருக்கும் தெருவில் நின்று பாருங்கள். ஹாஸ்பிடல், ஹாஸ்டல், ஹோட்டல் என்று மூன்று பலகையும் தெரியும். மூன்றும் ஒரே லத்தீன் வயிற்றில் பிறந்து, வெவ்வேறு காலத்தில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பிள்ளைகள். பிந்தி வந்தவன் ஹோட்டல்.

பிந்தி வந்த சொற்களில்தான் சிக்கல். அவை இன்னும் பிரெஞ்சு உடையைக் கழற்றவில்லை. ஒரே சொல்தான் முதலில் வந்தபோது சீஃப் ஆனது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறுபடியும் வந்தபோது ஷெஃப் ஆனது. சேர், செயின் போல முன்னே வந்தவற்றில் 'ச'. மெஷின், பாராஷூட் போலப் பின்னே வந்தவற்றில் 'ஷ'. ஆங்கிலத்தில் எழுதுவதோ இரண்டையும் 'சிஹெச்' என்றுதான். இதைத் தெரிந்துகொண்டால் பாதி உச்சரிப்புப் பிரச்சினை தீரும். கடைசி டி எழுத்தை விழுங்குவதில் நம் ஊர்க்காரர்கள் ஏற்கனவே தேர்ந்தவர்கள். எந்தக் கண்டக்டராவது பஸ் டிபாட்டுக்குப் போகிறது என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? டிப்போ என்றுதான் சொல்வார். அதே மாணவன் ராப்போர் என்ற சொல்லைப் பார்த்தால் மட்டும் ராப்போர்ட் என்று கடைசி எழுத்தை அழுத்துகிறான். போன வாரம் ஒரு பெண் பியூரோ என்ற சொல்லைப் பியூரியாவு என்று வாசித்தாள். "உன் வீட்டில் புடவை எதில் இருக்கிறது?" என்று கேட்டேன். "பீரோவில்." அதுதான் இது என்றேன். நம்பவே இல்லை. மேசை மேல் விரித்த முரட்டுத் துணியின் பெயர் மேசைக்கு ஆகி, மேசையின் பெயர் அலுவலகத்துக்கு ஆகி, நம்மிடம் வந்து இரும்பு அலமாரி ஆன சொல்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த மண்ணுக்குப் புதியவர்களும் அல்லர். 1749இல் ஆம்பூரில் சந்தா சாகிப்போடு சேர்ந்து நின்று, ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கானைப் போரில் வீழ்த்தியவர்கள். 1760இல் வந்தவாசியில் ஆங்கிலேயரிடம் தோற்றார்கள். இரண்டு ஊரும் பழைய வட ஆற்காடு மாவட்டம்தான். ஜெயித்தவர்கள் தங்கள் படையைக் குடியமர்த்திய இடத்துக்கு வைத்த பெயரோ தோற்றவர்களின் சொல். வேலூர் கண்டோன்மென்ட் ரயில் நிலையத்துப் பலகையை அடுத்த முறை நின்று படியுங்கள்.

சரி, எதைப் படிக்க வேண்டும்? உங்கள் தொழிலில் தினமும் வாயில் வருகிற சொல்லை. நர்ஸுக்கு ட்ரீயாஜ் தெரிந்தே ஆக வேண்டும். பிரித்தெடுத்தல் என்று பொருள். ஆங்கிலத்தில் அது முதலில் ஆட்டு ரோமத்தைத் தரம் பிரிப்பதற்கு வந்த சொல், ஆஸ்பத்திரிக்குப் பிறகுதான் வந்தது. டேனரியில் தோலைத் தரம் பார்த்து அடுக்குகிறவரும் அவசர சிகிச்சைப் பிரிவில் யாரை முதலில் உள்ளே விடுவது என்று பார்க்கிற நர்ஸும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். வயிற்றைக் கழுவும் லவாஜ் வேண்டும். சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் செத்த சதையை அகற்றும் டிப்ரீட்மென்ட் வேண்டும். (இடிபாட்டைக் குறிக்கும் டெப்ரியிலிருந்து வந்தது என்று பல பேர் நினைக்கிறார்கள். இல்லை. குதிரையின் கடிவாளத்தை அவிழ்ப்பது என்ற சொல்லிலிருந்து வந்தது.) இங்கிலாந்து போகிறவர்கள் ஓபர்ஜீன் என்றால் கத்திரிக்காய் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். புவிசார் குறியீடு வாங்கிய முள்ளு கத்திரிக்காயைத் தின்று வளர்ந்த எங்கள் இலவம்பாடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அங்கே வார்டு உணவுப் பட்டியலில் அதைப் பார்த்து ஏதோ மருந்து என்று நினைத்துவிட்டாளாம்.

தோல் தொழிலில் ஸ்வேட் வேண்டும். 'ஸ்வீடன் கையுறை' என்ற பிரெஞ்சுத் தொடரில் ஸ்வீடன் மட்டும் மிஞ்சி, தோலுக்குப் பெயரானது. மலையாடு போன்ற ஒரு விலங்கை ஷாம்வா என்பார்கள், அதன் பெயரில் விற்கும் துடைக்கிற தோலை ஷாமி என்பார்கள், எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. டேனரிக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மற்றவற்றைப் படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. படித்ததும் கடிதத்தில் போடாதீர்கள். ஒரு சொல்லை மூன்று வெவ்வேறு இடத்தில், மூன்று வெவ்வேறு ஆள் எழுதியதில் பார்த்த பிறகு தொடுங்கள். அதை எழுதியவர் கோபமாக இருந்தாரா, கிண்டலாகச் சொன்னாரா என்று பாருங்கள். சொல்லைப் பிரித்துப் பொருள் கண்டுபிடிக்கும் வேலையே வேண்டாம். சாங்ஃப்ருவா என்பதைப் பிரித்தால் குளிர்ந்த ரத்தம். ஈவிரக்கமில்லாத கொலைகாரனுக்குச் சொல்வது என்று நினைப்பீர்கள். ஆங்கிலத்தில் அது ஆபத்திலும் நிதானம் குலையாதவருக்குச் சொல்லும் பாராட்டு. பாண்டிச்சேரி மாமா சொல்லித்தந்த உச்சரிப்பும் வேண்டாம். கச்சேரியில் இன்னொரு முறை பாடச் சொல்லி ஆங்கிலேயர் ஆன்கோர் என்று கத்துவார்கள். பிரான்ஸில் பிஸ் என்றுதான் கத்துகிறார்கள். இரவல் போன சொல் போன வீட்டுப் பழக்கத்துக்கு மாறிவிடும்.

வகுப்பு நடத்துகிற சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையேட்டில் ஒரு சொல்லுக்கு எதிரே தமிழில் ஒற்றைச் சொல் போடாதீர்கள். ஒரு வாக்கியம் போடுங்கள். பக்கம் கூடும், அச்சுச் செலவு ஏறும், தெரியும். எனக்கும் ஏறியது.

பையனோடு உட்கார்ந்து அந்தக் கடிதத்தைத் திருத்தினேன். "நிற மாற்றம் செய்த மாதிரித் துண்டை அனுப்பியிருக்கிறோம். பார்த்துச் சொல்லுங்கள், அதன் பிறகே தொடங்குவோம்." இரண்டே வரி. மூன்றாம் நாள் சம்மதம் வந்துவிட்டது என்று போன் செய்தான். அவனுடைய முந்நூறு சொல் நோட்டு இப்போது என் பீரோவில் இருக்கிறது. எப்போது தருவீர்கள் என்று கேட்கிறான். நாற்பது சொல்லுக்கு வாக்கியம் எழுதிக்கொண்டு வா, அந்த நாற்பதை மட்டும் கிழித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.