கிரயச் சந்தி: ‘சமநிலைப் புள்ளி’ பொருந்தாத இடம்

இலங்கையின் வடக்கே வன்னியிலே கூட்டுறவுச் சங்கங்களுக்கும் சிறுதொழில் முயற்சியாளர்களுக்கும் பயிற்சிப் பட்டறைகளில் வழங்கப்படும் கையேடுகளைப் புரட்டினால், ‘சமநிலைப் புள்ளி’ என்ற ஒரே தொடர் மூன்று வேறு பொருள்களுக்கு நிற்பதைக் காணலாம். கேள்வியும் (வாங்குவோர் வேண்டும் அளவு) நிரம்பலும் (விற்போர் தரும் அளவு) சந்திக்கும் இடம் சமநிலைப் புள்ளி. விற்பனை வருமானமும் மொத்தக் கிரயமும் (பொருளைச் செய்ய ஆகும் பணம்) ஒன்றாகும் இடமும் சமநிலைப் புள்ளி. ஒரே பொருளைச் செய்வதற்குரிய இரண்டு உற்பத்தி முறைகளின் மொத்தக் கிரயங்கள் ஒன்றாகும் இடமும், கேட்டால், சமநிலைப் புள்ளிதான். முதலாவது பொருளியலில் ஊன்றிவிட்ட சரியான வழக்கு. இரண்டாவது தளர்ந்த வழக்கு. மூன்றாவது பிழை, பணம் போட்டுத் தொழில் செய்பவரைத் தவறான முடிவுக்கு இழுத்துச் செல்லும் பிழை.

மூன்றாவதை ஆங்கிலத்தில் ‘குறொஸ் ஓவர்’ என்பார்கள்; வரைபில் இரண்டு கிரயக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் கடக்கும் இடம் அது. இரண்டாவது ‘பிரேக் ஈவன்’. ‘சமம்’ வடமொழி வழி வந்தது, ‘நிலை’ தமிழ், ‘புள்ளி’ மெய்யெழுத்தின் தலையில் நாம் இடும் அதே புள்ளி. சொற்பிறப்பில் இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. எது எதற்குச் சமம் என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் இந்தத் தொடரின் குறை.

கணக்கில் பார்த்தால் குறை விளங்கும். போருக்குப் பிந்திய மீள்குடியேற்றத்திற்குப் பின் எங்கள் பக்கம் எத்தனையோ பேர் இறங்கிய தொழில் சீமெந்துக் கல் அரிதல், அதாவது அச்சில் இட்டுக் கல் வார்த்தல். உதாரணத்திற்காக எண்களை நானே வைக்கிறேன். கையச்சில் அரிந்தால் மாதத்திற்கு நிலையான கிரயம் (எத்தனை கல் அரிந்தாலும் மாறாதது) 10,000 ரூபா, கல் ஒன்றிற்கு மாறும் கிரயம் 60 ரூபா. இயந்திரத்தில் அரிந்தால் பெறுமானத் தேய்வு, கொட்டகை வாடகை, மாதச் சம்பளம் எல்லாம் சேர்ந்து நிலையான கிரயம் 1,90,000 ரூபா, கல் ஒன்றிற்கு 42 ரூபா. விற்பனை விலை 80 ரூபா. கையச்சு 500 கல்லிலேயே இலாபமும் இல்லை நட்டமும் இல்லை என்ற இடத்தைத் தொடுகிறது. இயந்திரம் 5,000 கல்லில் தொடுகிறது. இரண்டு முறைகளின் மொத்தக் கிரயமும் 6,10,000 ரூபாவாக ஒன்றாவது 10,000 கல்லில். ஆக, எண்கள் மூன்று. கையேடு மூன்றையும் ஒரே பெயரால் அழைக்கிறது.

சங்கத்திற்கு மாதம் 6,000 கல்லுக்கு வேண்டுகோள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘இயந்திரத்தின் சமநிலைப் புள்ளி 5,000’ என்று படித்த பொருளாளர், அதைத் தாண்டிவிட்டோமே என்று இயந்திரத்தை வாங்கச் சொல்வார். 38,000 ரூபா இலாபம் வரத்தான் செய்யும். ஆனால் கையச்சோடு நின்றிருந்தால் 1,10,000 ரூபா வந்திருக்கும். மறுபுறம், ‘சமநிலைப் புள்ளி 10,000’ என்று படித்த இன்னொருவர், ஏற்கெனவே வாங்கிய இயந்திரத்தில் 7,000 கல் அரிந்துகொண்டு, தாம் நட்டத்தில் ஓடுவதாக எண்ணித் தொழிலை மூடவும் கூடும். அவர் கையில் 76,000 ரூபா இலாபம் இருக்கிறது.

இரண்டு புள்ளிகளும் தன்மையாலும் வேறானவை. கல்லின் விலை 90 ரூபாவுக்கு ஏறினால் இயந்திரத்தின் இலாபநட்டமற்ற இடம் 4,000 கல்லுக்குச் சற்றுக் கீழே இறங்கும். ஆனால் முறைகளின் கிரயம் ஒன்றாகும் இடம் 10,000 கல்லை விட்டு அசையாது, ஏனெனில் அந்தக் கணக்கில் விற்பனை விலைக்கு இடமே இல்லை. மணல் விலை ஏறி இரண்டு முறைகளிலும் ஒரே அளவு கூடினாலும் அது அசையாது. கூலி ஏறிக் கல் ஒன்றிற்கான வித்தியாசம் 18 ரூபாவிலிருந்து 20 ரூபாவானால் அது 9,000 கல்லுக்கு வரும்.

‘பிரேக் ஈவன்’ என்பதற்கு ‘இலாபநட்டமற்ற புள்ளி’ என்ற தொடர் பழகியதும் தெளிவானதும் ஆகும். பொருளைத் தன்னிலேயே சொல்லிவிடுகிறது. பள்ளிக்கூடக் கணக்கீட்டில் வழங்கும் ‘சமப்பாட்டுப் புள்ளி’யையும் அந்த ஒரு பொருளுக்கே காத்து வைத்திருந்தால் குற்றமில்லை. அண்மைக் காலத்தில் ‘முறிவுப் புள்ளி’ என்றும் எழுதுகிறார்கள். யாவாரம் முறிந்தது என்றால் எங்கள் ஊரில் முதலும் போய்க் கடையும் பூட்டியாயிற்று என்று பொருள். நட்டத்திலிருந்து தலை நிமிரும் இடத்திற்கு அந்தப் பெயரை இடுவது, ஆங்கிலச் சொல்லின் முதற் பாதியை அகராதியில் பார்த்துவிட்டு எழுந்து போனவரின் வேலை. ‘ஓவர்ஹெட்’ (வாடகை போல எந்த ஒரு பொருளோடும் நேரே சேராத கிரயம்) என்பதை ‘மேந்தலை’ ஆக்கியதும் இதே வழிதான். ‘மேல்’ இருக்கிறது, ‘தலை’ இருக்கிறது, எந்தக் கிரயம் என்பது மட்டும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் சொல்லைப் பார்க்குமுன் வரைபைப் பார்க்க வேண்டும். கோடுகள் எவை, அச்சுகள் எவை என்று கேட்க வேண்டும்.

முறைகளின் கிரயம் ஒன்றாகும் இடத்திற்கு நான் முன்வைப்பது ‘கிரயச் சந்தி’. கணிதத்தில் நாம் படித்த ‘இடைவெட்டும் புள்ளி’யும் பிழையன்று, ஆனால் எந்த இரண்டு கோடுகளுக்கும் அது பொருந்துமாதலால் ‘கிரயக் கோடுகளின் இடைவெட்டும் புள்ளி’ என்று நீட்டிச் சொல்ல வேண்டிவரும். பரந்தன் சந்தியிலே கண்டி வீதியும் முல்லைத்தீவு வீதியும் கூடுவது போல, இரண்டு முறைகள் ஓரிடத்தில் கூடிப் பின் விலகுகின்றன. எதில் போவது என்பதை அவ்விடத்தில் தீர்மானிக்க வேண்டும். கூடுதலும் பிரிதலும் தெரிவும் அச்சொல்லிலே அடங்குகின்றன. சமநிலை என்பதிலோ ஓய்ந்து நிற்பது மட்டுமே உண்டு.

தனித்தமிழ் அன்பர்கள் கிரயமும் வடசொல், சந்தியும் வடசொல், ‘செலவுக் கூடல்’ என்று சொல்லலாமே என்பார்கள். ‘செலவு’ அழகிய சொல், ‘செல்’லிலிருந்து பிறந்து, பழந்தமிழில் பயணத்தைக் குறித்தது, பாலைத்திணையில் தலைவன் போகாமல் தங்குவதைச் செலவழுங்குதல் என்றார்கள். ஆயினும் இலங்கைக் கணக்கீட்டில் செலவு வேறு, கிரயம் வேறு. வாங்கிய சீமெந்து களஞ்சியத்தில் இருக்கும்வரை அதற்குக் கிரயம் உண்டு. அது இன்னும் செலவாகவில்லை. தமிழகத்தில் கிரயப் பத்திரம் என்றால் விற்பனை உறுதி, ஆகவே அங்கே செலவு என்றே எழுதட்டும். இங்கே உள்ள வேறுபாட்டைத் தூய்மைக்காக அழித்தால், சமநிலைப் புள்ளியில் வந்த குழப்பமே இன்னொரு வாசலால் உள்ளே வரும். ‘கூடல்’ என்பதை மட்டும் யாராவது வழக்குக்குக் கொண்டுவந்தால், ‘கிரயக் கூடல்’ என்று எழுத எனக்குத் தடையில்லை.