'கலாச்சாரத் திறமை' என்றொரு கோளாறு

சீனச் செவிலியர் பயிற்சி பற்றிய தமிழாக்கம் எதைப் பிரித்தாலும் 'கலாச்சாரத் திறமை' என்று நிற்கிறது. விடுதி ஆண்டுவிழாவில் ஆடிப் பாடியவர்களுக்குக் கொடுத்த பரிசோ என்று தோன்றும். ஆங்கிலக் 'கல்ச்சுரல் காம்பிடென்ஸ்'தான் மூலம்: நோயாளியின் பண்பாட்டைக் கேட்டறிந்து அதற்கேற்பப் பராமரிப்பது. பின்சொல் லத்தீன் வழி வந்தது. ஒரு வேலைக்குப் போதுமானவராய் இருப்பதைக் குறிக்கும். வேர் அவ்வளவே.

சீனத்திலும் இதே இழுபறி உண்டு. 'வென்ஹுவா நெங்லி' என்பார்கள், 'வென்ஹுவா ஷெங்ரென்லி' என்பார்கள். வென்ஹுவா என்றால் பண்பாடு; பள்ளிப்படிப்பும்கூட. 'மெய் வென்ஹுவா' என்றால் படிக்காதவர் என்ற இளக்காரம். நெங்லி வெறும் ஆற்றல். இரண்டையும் ஒட்டினால் செவிலியரின் கல்வித்தரத்தைச் சொல்வதுபோல் ஆகிவிடும். ஷெங்ரென் என்பது ஏற்ற பொறுப்புக்கு ஈடுகொடுப்பது. அதுவே பொருந்துகிறது.

நம் 'திறமை' பிறவியிலேயே வாய்த்தது என்ற தொனி தருகிறது. 'பண்பாட்டுத் தகுதி' அதைவிட மோசம்: 'பண்பாடில்லாதவன்' நம்மிடம் வசவு, ஆகவே செவிலியரின் நன்னடத்தைச் சான்றிதழாகப் படிக்கப்படும். இங்கே பேச்சு நோயாளியின் பண்பாட்டைப் பற்றியது. அதைக் கேட்டறிந்து பேணுவது பழகப் பழக வருவது. குழந்தை பெற்றவர் சுமார் ஒரு மாதம் 'யுவெட்சு' என்னும் பேறுகால ஓய்வு காத்துக் குளிர்நீரைத் தொடமாட்டார். குளித்தே தீரவேண்டும் என்று அதட்டினால் அடுத்தமுறை எதையும் சொல்லமாட்டார். வெந்நீர் கொடுத்து, காற்றடிக்காத அறையில் தலையை உடனே உலர்த்தினால் சுத்தமும் கிடைக்கும், வழக்கமும் காக்கப்படும். ஹுய் என்ற சீன இனத்து முஸ்லிம் நோயாளிக்குப் பன்றியிறைச்சியைத் தவிர்த்தால் மட்டும் போதாது. சமையலுக்குப் பயன்படுத்திய கொழுப்பு, பாத்திரம், மாத்திரை உறையின் ஜெலட்டின், பன்றிக்குடலிலிருந்து எடுக்கும், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து வரை கேட்கவேண்டும். முதுகிலுள்ள வட்டத் தழும்பு தோலை உறிஞ்சும் குவளை வைத்த நாட்டு வைத்தியத்தால் வந்தது, நீளக்கோடு 'குவாஷா' என்ற வைத்தியத்தில் தோலைத் தேய்த்துச் சுரண்டியது. கேட்காமல் 'அடித்த காயம்' என்று குறிப்பெழுதினால் வீண் வம்பு. புற்றுநோயை முதலில் குடும்பத்திடம் சொல்லும் வழக்கம் பரவலாக உண்டு. அதற்காக நோயாளி எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரிடமே கேட்காமல் விடக்கூடாது. 56 இனங்கள் வாழும் நாட்டில் இதையெல்லாம் மனப்பாடம் செய்யமுடியாது. கேட்கத் தெரியவேண்டும்.

எனவே 'பண்பாட்டுத் தேர்ச்சி' என்பேன். 'தேர்தல்' என்ற சொல்லின் பழம்பொருள் ஆராய்ந்தறிதல். இலங்கைப் பாடத்திட்டங்களில் 'தேர்ச்சி' ஏற்கெனவே இப்பொருளில் புழங்குகிறது. தமிழ்நாட்டில் அது பரீட்சை ரிசல்ட்டை நினைவூட்டும் என்பார்கள். 'கணிதத்தில் தேர்ச்சி பெற்றவர்' என்றால் மதிப்பெண்ணையா நினைக்கிறோம்? மொழிபெயர்ப்பாளர்களுக்கு அகராதியில் முதல் வரிக்குக் கீழே கண் போவதில்லை. ஒரே கட்டுரையில் திறமை, தகுதி, திறன் என மூன்றையும் கலந்தடித்துவிட்டு, மூன்றும் ஒன்றே என்று கீழே ஒரு வரிகூடச் சேர்ப்பதில்லை.