ஆனர் கோட்: கௌரவமும் அல்ல, குறியீடும் அல்ல

‘சந்தேகத்துக்குரிய ஆனர் கோட் மீறலைத் தெரிவித்தல்’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரைத் தமிழில் எப்படிச் சொல்வது? அதில் வரும் ‘ஆனர் கோட்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கௌரவக் குறியீடு’ என்று வந்து நிற்கும். படிப்பவர் ஏதோ ரகசியச் சங்கேதம் என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் அது பல்கலைக்கழக மாணவர் கொடுக்கும் வாக்கு: தேர்விலும் கட்டுரையிலும் ஏமாற்ற மாட்டேன், பிறர் ஏமாற்றத் துணைபோக மாட்டேன். சில இடங்களில் இன்னொன்றும் சேரும்: ஏமாற்றுவது கண்ணில் பட்டால் தெரிவிப்பேன். மாணவரை உறுத்துவது இந்தக் கடைசிப் பகுதிதான். மொழிபெயர்ப்பாளரை உறுத்துவதும் அதுவே.

‘கோட்’ என்பதன் மூலம் இலத்தீன் ‘கோடெக்ஸ்’. முதலில் அடிமரம், மரக்கட்டை என்று பொருள். மெழுகு பூசிய மரப்பலகைகளில் எழுதி, அவற்றைச் சேர்த்துக் கட்டியபோது அது ஏடாயிற்று. பிறகு சட்டத் தொகுப்பாயிற்று. ரகசியக் குறியீடும் கணினி நிரலும் பிற்காலக் கிளைகள். ஓலை ஏடே நூலுக்குப் பெயராகிவிட்ட நமக்கு இந்தப் பயணம் புதிதல்ல. ‘ஆனர்’ என்பதும் இலத்தீனிலிருந்து வந்ததே. ரோமில் அது மதிப்பையும் பொதுப் பதவியையும் குறித்தது. அதாவது ஊரார் ஒருவருக்குத் தருவது. யாரும் பார்க்காதபோதும் ஒருவர் தனக்குத்தானே காத்துக்கொள்ளும் நேர்மை என்ற பொருள் பின்னால் வந்து ஏறியது.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1840 நவம்பரில், முகமூடி அணிந்த மாணவர் ஒருவர் ஜான் டேவிஸ் என்ற சட்டப் பேராசிரியரைச் சுட்டுக் கொன்றார். மாணவருக்கும் ஆசிரியருக்கும் இடையே அவ்வளவு பகை மண்டியிருந்த இடம் அது. கண்காணிப்பைக் கூட்டுவார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? 1842இல் அங்கே வந்தது ஓர் உறுதிமொழி: தேர்வில் யாரிடமும் உதவி பெறவில்லை என்று மாணவரே தன் மானத்தின் பேரில் எழுதித் தர வேண்டும். பிரின்ஸ்டன் 1893இல் இப்படியொரு முறையை ஏற்றது, ஸ்டான்ஃபோர்டு 1921இல்.

மாணவரின் வாக்கை நம்பித் தேர்வறையிலிருந்து கண்காணிப்பாளர் வெளியேறினால் அந்த வேலை யார் தலையில் விழும்? அங்கேதான் தெரிவிக்கும் கடமை முளைத்தது. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்விக்கழகத்தின் நெறி இதை ஒளிக்காமல் சொல்கிறது: பொய் சொல்லக் கூடாது, ஏமாற்றக் கூடாது, திருடக் கூடாது, இவற்றைச் செய்பவரைப் பொறுத்துக்கொள்ளவும் கூடாது. நான்காவது விதிதான் கடினமானது.

இனித் தமிழ். ‘கௌரவ’ என்று தொடங்கினால் கௌரவத் தலைவர், கௌரவ டாக்டர் பட்டம் ஆகியவற்றோடு குழம்பும். பெரும்பாலும் அச்சொல் ஊர் மெச்சுவதையே சுட்டுகிறது. ‘நாணயம்’ பொருளில் மிக நெருங்கி வருகிறது; ஆனால் ‘நாணயக் கோவை’ என்று எழுதினால் காசு சேகரிப்பவர்கள் வந்து சேர்வார்கள். ‘நடத்தை விதி’ என்பது வேறு பொருள்: விதியை மேலிருப்பவர் இடுகிறார், வாக்கை நாமே கொடுக்கிறோம். எனக்கு ‘நேர்மை நெறி’ போதும் என்று தோன்றுகிறது. இதில் ஒரு வசதியும் இருக்கிறது. விதியை மீறுவோம், நெறியிலிருந்து பிறழ்வோம். மீறலைக் குறிக்க ‘நெறிபிறழ்வு’ என்ற சொல் ஆயத்தமாகவே இருக்கிறது.

தெரிவிப்பதற்குத்தான் சரியான சொல் வேண்டும். ‘புகார்’ நம் அன்றாடச் சொல். கூக்குரல் என்ற பொருளில் வடக்கிலிருந்து வந்தது, பூம்புகாரோடு உறவில்லை. கூச்சலின் வாடை அதில் இன்னும் அடிக்கிறது. ‘காட்டிக்கொடுத்தல்’ என்றாலோ தெரிவித்தவரே குற்றவாளி ஆகிவிடுகிறார். மாணவர்கள் அஞ்சுவது ‘கோள் சொல்லி’ என்ற பட்டத்துக்கு. ஆனால் கோள் வேறு, முறையீடு வேறு. கோள், கேட்க உரிமையில்லாத காதுகளுக்கும் போகும். கொஞ்சம் கூடுதலாகவே போகும். முறையீடு, விசாரிக்கும் பொறுப்புள்ளவரிடம் மட்டும் போகும்: பாட ஆசிரியர், அல்லது நேர்மை நெறிக் குழு. ‘முறை’ என்பதற்கு நீதி என்றும் பொருள் உண்டு. ஆகவே அங்கே கேட்கப்படுவது நீதி, தண்டனை அல்ல.

‘சந்தேகத்துக்குரிய’ என்ற அடைமொழியையும் உதறிவிடக் கூடாது. கண்டது இன்னது, கண்ட இடம் இன்னது என்பதோடு முறையிடுபவரின் வேலை முடிகிறது. இப்படி எழுதலாம்: ‘இரு விடைத்தாள்களிலும் மூன்றாம் கணக்கில் ஒரே பிழை ஒரே வரியில் இருக்கிறது. நெறிபிறழ்வு நேர்ந்திருக்கலாம் என்று ஐயுற்று முறையிடுகிறேன்.’ இதில் ‘காப்பியடித்தார்’ என்ற சொல் இல்லை. எதிர்த்தரப்பையும் கேட்ட பிறகு, தேவைப்பட்டால் குழு அதை எழுதிக்கொள்ளும்.