பரந்தன் எப்படிப் புரந்தன் ஆனது?

கிளிநொச்சியில் பக்க வடிவமைப்பு வேலை செய்கிறேன். கையில் வருவதில் பாதி நினைவு மலர்கள். ஒருமுறை 31ஆம் நாள் நினைவு மலருக்கான மாதிரித் தாளைப் பார்த்த, இறந்தவரின் மகள் சொன்னார்: "தம்பி, எங்கட அப்பா பரந்தன் ஆள். இதென்ன, புரந்தன் எண்டு கிடக்கு?"

அவர்கள் வீட்டில் யாரும் பிழையாகத் தட்டவில்லை. 'பரந்தனைப் பிறப்பிடமாகவும்' என்று வேர்டில், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தார்கள். பாமினியில் 'ப' என்பது உண்மையில் ஆங்கிலச் சின்ன 'ஜி'. பெரிய 'ஜி' என்றால் 'பு'. வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது வேர்டின் வழக்கம். தமிழ் என்று தெரியாமல் அதையே செய்துவிட்டது. இதே கணக்கில் 'அம்மா' 'ஆம்மா' ஆகும், 'உங்கள்' 'ஊங்கள்' ஆகும்.

பாமினியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எங்கள் பக்கத்து அச்சகங்கள் பல வருடம் அதில்தான் ஓடின. பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்கு, ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் யுனிகோட் முறை தெரியாது, வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பெயர், ஊர், திகதி எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியல்தான். யுனிகோடில் 'அ' எந்தக் கணினியிலும் 2949 என்ற எண்தான். எழுத்துருவை மாற்றினால் உருவம் மட்டும் மாறும், எழுத்து மாறாது.

சரி, எந்த எழுத்துரு? நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டையும் நம்பி எடுப்பேன். இலவசம், அச்சுக்குப் பயன்படுத்த உரிமம் உண்டு, தடித்த எழுத்துக்குத் தனி வடிவமும் இருக்கிறது. இந்தக் கடைசி விடயம் முக்கியம். தனி வடிவம் இல்லாத எழுத்துருவில் 'போல்ட்' அழுத்தினால் வேர்ட் போன்ற மென்பொருள் இருக்கிற கோட்டையே வீங்கவைக்கும். திரையில் அழகாக இருக்கும். தாளில் மை பரவியதும் 'ண', 'ஞ' இரண்டின் சுழிகள் அடைபட்டுவிடும்.

புதிய எழுத்துரு எதுவானாலும் முதலில் ஒரு வரி அடிப்பேன்: வற்றாப்பளை, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, ஸ்ரீ, கௌ, டூ, ஃ. அதை 9 புள்ளி அளவில் தாளில் எடுத்து, மெய்யெழுத்துப் புள்ளிகள் தெளிவாக நிற்கின்றனவா என்று பார்ப்பேன். கொம்பு தனியாகக் கழன்று நின்றால் பெரும்பாலும் எழுத்துருவின் பிழை அல்ல. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்பை 'வேர்ல்ட் ரெடி' என்பதற்கு மாற்ற வேண்டும். பழைய பாமினிக் கோப்பை யுனிகோடுக்கு மாற்றினால் ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் வீட்டுக்காரரோடு இருந்து ஒவ்வொன்றாக வாசியுங்கள். மாற்றும் மென்பொருள் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் மாற்றித் தமிழ் எழுத்துக் குப்பையாக்கும், அதையும் கவனியுங்கள்.

அப்புறம் பீடிஎஃப். அச்சுத் தகடு (பிளேட்) செய்ய அனுப்புமுன் அதன் விவரப் பக்கத்தில் எழுத்துருக்கள் உள்ளே பதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சில அச்சகங்கள் எழுத்தைக் கோட்டு வடிவாக மாற்றித் தரச் சொல்லும். கொடுக்கலாம், ஆனால் அதில் பிறகு ஒரு எழுத்தையும் திருத்த முடியாது. மூலக் கோப்பைத் தனியே வையுங்கள்.

இடம்பெயர்வில் ஆவணங்களையும் படங்களையும் இழந்த வீடுகள் இங்கே அதிகம். அந்த வீடுகளில் தாத்தாவின் பிறந்த ஊரும் உறவுமுறையும் எழுத்தில் இருப்பது சிலவேளை இந்த மலரில் மட்டும்தான். அந்த மகளுக்கு மலரோடு யுனிகோட் பிரதியையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஆட்டைத் திவச மலருக்கு அதையே கொண்டு வந்தார். பரந்தன் பரந்தனாகவே இருந்தது.